கார்டிசால் பார்க்க எச்சிலா, ரத்தமா?

"கார்டிசால் டெஸ்ட் எடுக்கணும்" என்று லேப் கவுன்டரில் சீட்டை நீட்டுபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்கச் சொன்னாங்க?" பாதிப் பேர் முழிப்பார்கள். "நேரமெல்லாம் ஒண்ணும் சொல்லலையே, இப்பவே எடுத்துடுங்க" என்பார்கள். அப்போது மணி பிற்பகல் மூன்றாக இருக்கும். மூன்று மணிக்கு எடுத்த கார்டிசாலை வைத்துக்கொண்டு பெரும்பாலும் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஊசி குத்தியதுதான் மிச்சம்.

எச்சில் பரிசோதனை நல்லதா, ரத்தப் பரிசோதனை நல்லதா என்று கேட்டு வருபவர்களுக்கும் இதே நேரக் கணக்கில்தான் பதில் இருக்கிறது. எனவே அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள்தான் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டும். பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பும். அது வந்து அட்ரினலைத் தட்டும். விடியலுக்கு முன்பே இந்தத் தட்டல் வேகமெடுத்துவிடுகிறது. கண் விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் உச்சத்துக்குப் போகும். அப்புறம் பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். நடுவில் சின்னச் சின்ன அலைகளும் உண்டு. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்று காலை எட்டு மணிக்கு வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே 12 நள்ளிரவில், அமைதியாகப் படுத்திருப்பவருக்கு வந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார்.

முதல் படி: அதிகமா, குறைவா?

டெஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கார்டிசால் கூடியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறாரா, குறைந்திருக்கிறது என்றா?

கூடியிருக்கிறது என்றால் அது குஷிங் நோய்க்குறித் தொகுப்புப் பக்கம் போகிறது. ஹார்வி குஷிங் 1912-ல் விவரித்ததால் அந்தப் பெயர். முகம் வட்டமாக உப்பும், வயிற்றைச் சுற்றிச் சதை போடும், கை கால் மெலியும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும். வயிற்றிலோ தொடையிலோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா நிறக் கோடுகள் தெரியும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, எலும்புத் தேய்மானம் எல்லாம் வயசுக்கு மீறி வரும். வெறும் எடை கூடியதை வைத்து மட்டும் குஷிங் என்று பயப்பட வேண்டாம். எடை கூடியவர்கள் ஏராளம்; குஷிங் அபூர்வம்.

குறைந்திருக்கிறது என்றால் அட்ரினல் பற்றாக்குறை. அதில் அட்ரினலே பழுதாகும் வகையை 1855-ல் தாமஸ் அடிசன் விவரித்தார். உடம்பு இளைக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்பு வேண்டும் போலவே இருக்கும். அடிசன் வகையில் விரல் முட்டிகள், உள்ளங்கை ரேகைகள், ஈறு இவையெல்லாம் கறுக்கும். பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் இந்தப் பற்றாக்குறை வரலாம். நிறமாற்றம் மட்டும் இருக்காது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறை என்று ஏற்கெனவே தெரிந்தவரோ, சந்தேகம் உள்ளவரோ விடாத வாந்தி, மயக்கம், கடும் பலவீனம் என்று சாய்ந்தால் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அங்கே ஹைட்ரோகார்டிசோன் (மருந்து வடிவக் கார்டிசால்) ஊசி முதலில். ரிப்போர்ட் வந்த பிறகு மருந்து என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம்தான் இப்போது பெரியது. "ரொம்ப டென்ஷன், தூக்கம் வரல, கார்டிசால் ஏறியிருக்குமோ" என்று வருபவர்கள். அவர்களுக்குக் கீழே தனியாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன்.

இரண்டாவது படி: குழாய்க்குள் என்ன இருக்கிறது

ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் 90 சதவீதத்துக்கு மேல் சும்மா அலைவதில்லை. டிரான்ஸ்கார்ட்டின் என்ற புரதத்தின் முதுகிலும், கொஞ்சம் ஆல்புமின் முதுகிலும் சவாரி செய்கிறது. சவாரியிலிருந்து இறங்கித் தனியாகத் திரியும் மிச்சச் சொச்சம்தான் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும். வழக்கமான ரத்தப் பரிசோதனை இரண்டையும் சேர்த்து மொத்தமாக எண்ணிவிடுகிறது.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் பாதகமில்லை. சிக்கல் வருவது புரதத்தின் அளவு மாறும்போது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டிரான்ஸ்கார்ட்டின் கூடிவிடும். ஏறிப் போக வண்டி நிறைய இருப்பதால் மொத்தக் கணக்கு எகிறும். ஒரு பெண் காலை ரத்தத்தில் 34 என்று வந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறி எங்கள் கவுன்டருக்கு வந்தார். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டதும், "அது மருந்தில்லையே, கருத்தடை மாத்திரைதானே" என்றார். அந்த 34-இன் பெரும்பகுதிக் கதை அங்கேயே தெரிந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கும் சிறுநீரில் புரதம் கழிபவர்களுக்கும் வண்டிகள் குறைந்து, மொத்த அளவு தாழ்வாகத் தெரியும். ஆனால் வேலை செய்யும் கார்டிசால் போதுமான அளவு இருக்கலாம்.

எச்சிலில் இந்தச் சவாரிக் கணக்கே கிடையாது. புரதத்தில் ஒட்டாத கார்டிசால் மட்டும் உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்களுக்குள் கசிந்து வாய்க்கு வருகிறது. எச்சில் நிறைய ஊறினாலும் குறைவாக ஊறினாலும் அளவு பெரிதாக மாறாது. ஒட்டாத பங்கு மட்டுமே வருவதாலும், வரும் வழியில் ஒரு நொதி அதிலும் ஒரு பங்கைக் கார்டிசோன் என்ற வேறு பொருளாக மாற்றிவிடும் என்பதாலும் எண்கள் ரத்தத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும். இதை நினைவில் வையுங்கள், ரிப்போர்ட் படிக்கும்போது உதவும்.

எச்சிலுக்கு இன்னொரு பெரிய வசதி, ஊசி இல்லை. ஊசியைப் பார்த்தாலே நடுங்குபவருக்கு அந்தப் பயமே கார்டிசாலை ஏற்றிவிடும். வீட்டில், வழக்கமான நேரத்தில், அவரவர் கட்டிலில் உட்கார்ந்தபடி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது படி: கூடியிருக்கிறதா என்று பார்க்க, இரவு எச்சில்

குஷிங் வந்தால் முதலில் கெடுவது அந்த நள்ளிரவு இறக்கம்தான். காலை அளவு பல நோயாளிகளுக்கு நார்மலாகவே இருக்கும், அதனால் காலை ரத்தத்தை மட்டும் பார்த்து "குஷிங் இல்லை" என்று சொல்ல முடியாது. நள்ளிரவில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் ஆளை வார்டில் சேர்த்து, முன்கூட்டியே நரம்பில் ஊசி போட்டு வைத்து, எழுப்பாமல் எடுக்க வேண்டும். எச்சில் இந்தப் பாட்டையெல்லாம் மிச்சப்படுத்துகிறது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குஷிங் சந்தேகத்துக்கான முதல் கட்டப் பரிசோதனைகளில் ஒன்றாக இரவு எச்சில் கார்டிசால் இடம்பிடித்தது, அதுவும் குறைந்தது இரண்டு தடவை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

எடுக்கும் விதம் இப்படி. லேப்பில் ஒரு சின்னக் குழாய் தருவார்கள். உள்ளே விரல் நுனி பருமனில் ஒரு பஞ்சு உருளை இருக்கும். இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவே, அல்லது உங்கள் வழக்கமான தூக்க நேரத்தில் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, பானம், பல் தேய்த்தல் எதுவும் கூடாது. அன்று முழுக்கப் புகை வேண்டாம். மாலையில் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம், வீட்டில் சண்டையும் வேண்டாம். (சிரிக்காதீர்கள். சண்டை போட்ட இரவில் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதை வெட்கத்தோடு ஒத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.)

நேரம் வந்ததும் கையைக் கழுவுங்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைட்ரோகார்டிசோன் கிரீம் என்பது கார்டிசாலேதான். தோல் அரிப்புக்கு அதைத் தடவிய விரலால் பஞ்சைத் தொட்டால் முடிவு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். எங்களிடம் அப்படி ஒருவரின் ரிசல்ட் கருவியின் உச்ச வரம்பையே தாண்டி வந்தது. மறுபடி எடுக்கச் சொன்னோம், நார்மல். குழந்தைக்கு இரவில் கிரீம் தடவுவது தன் வேலை என்று அப்புறம்தான் சொன்னார்.

பஞ்சை விரலால் தொடாமல் குழாயைக் கவிழ்த்து நேராக வாய்க்குள் போட்டு, ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாகச் சவைத்து உருட்டுங்கள். உலர்ந்த பஞ்சு முதலில் நாக்கில் ஒட்டிக்கொண்டு அருவருப்பாக இருக்கும். அரை நிமிடத்தில் எச்சில் ஊறிக் கனமாகிவிடும். திரும்பக் குழாய்க்குள் துப்பி மூடுங்கள். பஞ்சில் இளஞ்சிவப்பு தெரிந்தால் ஈறில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் கார்டிசால் எச்சிலைவிடப் பல மடங்கு என்பதால் அந்தச் சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு நாள் எடுங்கள். குழாயின் மேல் தேதியும் நேரமும் உடனே எழுதுங்கள், காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எச்சில் சாம்பிள் சீக்கிரம் கெடாது; இரவு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுத்தால் போதும்.

அதிமதுரம் மெல்லும் பழக்கம் இருந்தால் சில நாள் முன்பே நிறுத்தி, அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். எச்சில் சுரப்பியில் கார்டிசாலை மாற்றும் அந்த நொதியை அதிமதுரம் முடக்கிவிடும். அளவு பொய்யாக ஏறும்.

இரவு ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. உடம்பின் கடிகாரம் புரண்டு கிடக்கும்போது இரவு 11 மணிக்கு அர்த்தமே இல்லை. அவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டு கொடுத்து, கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை கைகொடுக்கும். அதில் இரவு 11-க்கும் 12-க்கும் இடையில் ஒரு மில்லிகிராம் மாத்திரை, மறுநாள் காலை எட்டு ஒன்பது மணிக்கு ரத்தம். ஆரோக்கியமான உடம்பில் கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே அடங்கிவிடும். ஆனால் கருத்தடை மாத்திரைக்காரர்களுக்கு இது பொய்யாக உயர்ந்து காட்டும். ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின் மாதிரி வலிப்பு மருந்தும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் டெக்ஸாமெத்தசோனைச் சீக்கிரம் கரைத்துவிடுவதால் அவர்களுக்கும் அதே கதை. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பது மூன்றாவது வழி. முதல் நாள் காலைச் சிறுநீரைக் கழித்துவிட்டு, மறுநாள் காலைச் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது சரிவராது.

நான்காவது படி: குறைந்திருக்கிறதா என்று பார்க்க, காலை ரத்தம்

குறைவைத் தேடும்போது உச்ச நேரத்தில் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் நள்ளிரவில் தாழ்ந்துதான் இருக்கும். காலை எட்டு ஒன்பது மணிக்கும் எழும்பவில்லை என்றால்தான் செய்தி. இதற்கு ரத்தமே நம்பகமானது. பற்றாக்குறைக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் எல்லைக் கோடுகள் ரத்தத்தை வைத்தே பல பத்தாண்டுகளாக உருவானவை. எச்சிலுக்கு அந்த அளவு பழக்கம் இல்லை.

காலை ரத்தத்தில் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறைக்குச் சாத்தியம் மிக அதிகம். சுமார் 15-க்கு மேல் என்றால் அநேகமாக இல்லை. நடுவில் விழுபவர்கள்தான் ஏராளம். அவர்களுக்கு ஏசிடிஎச் ஊசிப் பரிசோதனை: செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் போட்டு, 30-வது, 60-வது நிமிடங்களில் ரத்தம் எடுத்து, அட்ரினல் பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய கருவிகளில் 18-ஐத் தாண்ட வேண்டும் என்பார்கள். புதிய முறைகளில் 14, 15 போதும். எனவே எந்தக் கருவியில் பார்த்தார்கள் என்பது முக்கியம்.

கூடவே ஏசிடிஎச் அளவும் கேட்டிருந்தால் அந்த ரத்தம் தனிக் குழாயில், ஐஸில், உடனே போக வேண்டும். வெளியே வைத்தால் சிதைந்துபோகும். பக்கத்துக் கிளையில் கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்காமல், பரிசோதனை நடக்கும் இடத்திலேயே போய்க் கொடுங்கள்.

போவதற்கு முன் ஓட்டமும் நடையுமாகப் படியேறாதீர்கள். பத்து பதினைந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு சமனான பிறகு கையை நீட்டுங்கள். வெறும் வயிறு பெரும்பாலும் கட்டாயமில்லை, லேப் சொன்னால் மட்டும் செய்யுங்கள். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்த கையோடு எடுத்தால் எண் உயர்ந்தே காட்டும், அது உங்கள் வழக்கமான நிலை கிடையாது.

ஐந்தாவது படி: மருந்துப் பட்டியல்

இந்த இடத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. "ஸ்டீராய்டு எடுக்கறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "இல்லை" என்பார்கள். "இன்ஹேலர்? மூக்கில் அடிக்கும் ஸ்பிரே? தோலுக்குக் கிரீம்? முட்டியில் ஊசி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பத்துக்கு மூன்று பேர் "ஆமா, அது இருக்கு" என்பார்கள். இவை எல்லாமே ஸ்டீராய்டாக இருக்கலாம். அட்ரினலைத் தூங்க வைத்து, ரத்தத்தில் கார்டிசாலைத் தாழ்த்தலாம். பிரெட்னிசலோன் இன்னும் குழப்பக்காரன்: பல லேப் கருவிகள் அதையே கார்டிசால் என்று தவறாக எண்ணி உயர்த்திக் காட்டும். லிக்விட் குரோமட்டோகிராபி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற முறையில் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லும்.

முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையையும் சொல்லுங்கள். சில வகைக் கருவிகளில் அது கார்டிசாலைப் பொய்யாக உயர்த்தும். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அந்த லேப்பே சொல்லும்.

ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் டெஸ்ட்டுக்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த வேளையைத் தள்ளிப் போடுவது என்று எழுதித் தருவது மருத்துவரின் வேலை.

ஆறாவது படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள், அப்புறம் எண்ணை. ஒரு லேப் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் என்று போடும், இன்னொன்று லிட்டருக்கு நானோமோல் என்று போடும். முதலாவதை 27.6-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். போன வருடம் 14.5, இந்த வருடம் 400 என்று இரண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன், இரண்டும் ஒன்றே.

எச்சில் ரிப்போர்ட்டில் இந்த ஏமாற்று வேறு பக்கம் திரும்பும். இரவு எச்சிலில் 0.2 மைக்ரோகிராம் என்று பார்த்ததும், "ரத்தத்துக்கு 5 முதல் 25 வரை நார்மல்னு படிச்சேனே, எனக்கு ஒண்ணுமே இல்லை" என்று நிம்மதியாகிவிடுவார்கள். எச்சிலுக்கு அந்த 2008 வழிகாட்டுதல் சொன்ன எல்லை 0.145 மைக்ரோகிராம், அதாவது லிட்டருக்கு 4 நானோமோல். 0.2 என்பது அதற்கு மேலே. லேப்புக்கு லேப், முறைக்கு முறை இந்த எல்லை மாறும் என்பதால் உங்கள் ரிப்போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கும் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். எச்சில் எண்ணை ரத்த எல்லையோடு ஒருபோதும் ஒப்பிடாதீர்கள்.

ஒரே ஒரு உயர்ந்த முடிவை வைத்துப் பயப்படவும் வேண்டாம். மனச்சோர்வு, அதிக மது, கட்டுப்படாத சர்க்கரை, கடும் உடல் பருமன் இவற்றிலும் இரவு கார்டிசால் ஏறி நிற்கும். அதனால்தான் இரண்டு தடவை, இரண்டு விதமான பரிசோதனை என்று கேட்கிறார்கள். நேர்மாறாக, சிலருக்குக் கார்டிசால் சில வாரம் ஏறி, சில வாரம் சும்மா இருக்கும். அவர்களுக்கு அறிகுறி கூடும் நாட்களில் வீட்டிலேயே பல இரவுகள் எச்சில் எடுத்து வைக்க முடிவது பெரிய உதவி. இதில் ரத்தம் எச்சிலோடு போட்டியே போட முடியாது.

இப்போது அந்த மூன்றாவது கூட்டத்துக்கு. காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு குழாய் கொண்ட எச்சில் கிட்டை வீட்டுக்கே அனுப்பி, "அட்ரினல் சோர்வு" என்று ஒரு வரைபடம் போட்டுத் தருகிறார்கள். எச்சிலில் அளப்பது உண்மைதான், ஆராய்ச்சிகளிலும் அப்படி எடுக்கிறார்கள். ஆனால் "அட்ரினல் சோர்வு" என்ற நோயை எண்டோகிரைன் மருத்துவம் ஏற்கவில்லை. 2016-ல் 58 ஆய்வுகளை அலசிய ஒரு திறனாய்வு, அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது. அந்த வரைபடத்தைக் காட்டி விற்கும் மாத்திரைகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சோர்வு உண்மையாகவே இருக்கிறது என்றால் ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு இவற்றை முதலில் பாருங்கள். எனக்குத் தெரிந்த வரை காரணம் அங்கேதான் பெரும்பாலும் கிடைக்கிறது.

மறுபடி எடுக்க வேண்டி வந்தால் அதே லேப், அதே முறை, அதே நேரம். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் ஓரத்திலும், சாம்பிள் எடுத்த மணி, முந்தைய இரவு எப்போது தூங்கினீர்கள், அன்று என்ன மருந்து உள்ளே போயிருந்தது என்று பேனாவால் மூன்று வரி எழுதி வைத்துவிடுங்கள். மருத்துவர் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்த மூன்று வரியைத்தான் தேடுவார்.